முதல் ஆட்டம் காலை ஏழு மணிக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு அல்டிமேட் ஃபிரிஸ்பீ போட்டி. எட்டு அணி, ஒரே நாள். முதல் ஆட்டம் காலை ஏழு மணிக்கு, கேப்டன்கள் கூட்டம் ஆறரைக்கு என்று வாட்ஸ்அப்பில் மறுபடி மறுபடி வந்தது. கடைசியாக வந்ததில் ‘ஷார்ப்’ என்று வேறு சேர்த்திருந்தார்கள். நான் கேப்டன் இல்லை. ஆனாலும் ஆறரைக்குப் போய் நின்றேன். கேப்டன்கள் யாரும் இல்லை. இரண்டு நாய்களும், தன் சுண்டல் வண்டிக்குப் பக்கத்திலேயே போர்வை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரும் இருந்தார்கள். மூவரும் முந்தின நாள் இரவே வந்துவிட்டவர்கள் என்பதை இங்கே பாராட்டிச் சொல்ல வேண்டும்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வெயிலில் வெந்த கழுத்தும் ஆறவில்லை.

இந்த ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆடாதவர்களுக்கும் வேண்டியதில்லை, நீங்களும் எங்கேயோ, எதற்கோ, ‘இதோ கிளம்பிட்டேன்’ என்று படுக்கையில் கிடந்தபடி செய்தி அனுப்புகிறவர்கள்தானே. இந்த வியாதிக்கு நான் ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் முதலில் கிட் பேக் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

கோன்கள், கயிறு, டிஸ்க்குகள், ஸ்கோர் அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கும். அந்தப் பை எப்போதும் யார் கடைசியாக வருவாரோ அவர் வீட்டில் இருக்கும். இது தற்செயல் இல்லை, திட்டம் போட்டுச் செய்வது. பொறுப்பைக் கொடுத்தால் பையன் நேரத்துக்கு வருவான் என்று நிர்வாகத்தில் ஒரு நம்பிக்கை. ஊர் சுற்றும் பிள்ளைக்கு ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் திருந்திவிடுவான் என்று பெரியவர்கள் பெண் பார்க்கப் போவார்களே, அதே நம்பிக்கை, அதே பலன். முன்பு அவன் ஒருவன் மட்டும் தாமதமாக வந்தான். இப்போது போட்டியே தாமதமாக வருகிறது.

கிட் பேக் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று நான் குதிகாலால் மணலில் கோடு கிழித்தேன். கடற்கரை ஆட்டத்துக்கு மைதானம் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். இரண்டு கோடியிலும் 15 மீட்டர் கோல் பகுதி. காலடியால் அளந்து இரண்டு மூலையில் என் செருப்பையும், ஒரு மூலையில் தண்ணீர் பாட்டிலையும், மிச்ச மூலையில் துண்டையும் வைத்தேன். ஏழே காலுக்குப் பை வந்து சேர்ந்தது. கொண்டுவந்த தம்பி இடுப்பில் கை வைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அண்ணா, கோடு திருவான்மியூர் பக்கமா சாயுதே” என்றான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டார்கள். துண்டை நாய் கொண்டுபோய்விட்டது.

நாங்கள் ஆடும் இடத்திலிருந்து ஷ்மிட் நினைவகம் நன்றாகத் தெரியும். 1930-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட டென்மார்க்காரர். இந்தக் கடற்கரையில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர் என்று எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அதற்கே மண்டபம் கட்டிவிட்டார்கள்.

ஆட்டத்தின் ஜாதகத்திலேயே கோளாறோ என்றும் யோசித்துப் பார்த்தேன். (காத்திருக்கிறவனுக்கு யோசிக்க நேரத்துக்கா பஞ்சம்?) 1968-இல் நியூ ஜெர்சியின் மேப்பிள்வுட்டில் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிவைத்த விளையாட்டு இது. பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் ஆடினார்கள். அவர்களில் ஒருவரான ஜோயல் சில்வர் பிற்காலத்தில் ஹாலிவுட் போய் ‘மேட்ரிக்ஸ்’ படத்தைத் தயாரித்தார். அந்தப் படத்தில் துப்பாக்கிக் குண்டுகூட ஆடி அசைந்துதான் வரும். ஆள் எங்கே பயிற்சி எடுத்தார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான முதல் அல்டிமேட் ஆட்டம் 1972 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. இதே இரண்டு கல்லூரிகள் அமெரிக்கக் கால்பந்தின் முதல் கல்லூரி ஆட்டத்தை ஆடியது 1869 நவம்பர் 6 அன்று. தேதி பிசகவில்லை, 103 வருடம் மட்டும் தள்ளிப்போய்விட்டது. எங்கள் ஆட்டக்காரர்களும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். அதில் குறை சொல்ல முடியாது.

இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. ஃபவுல் நடந்தால் ஆடுகிறவர்களே சத்தம் போட்டுச் சொல்லி, ஆட்டத்தை நிறுத்தி, தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். உலகச் சாம்பியன்ஷிப்பிலும் இதே வழக்கம்தான். எதிராளி வேண்டுமென்று பொய் சொல்ல மாட்டான் என்ற நம்பிக்கையில் ஓடுகிற ஆட்டம். அதை ‘ஸ்பிரிட்’ என்பார்கள். சட்டப் புத்தகத்தின் முதல் பிரிவே அதுதான். எனக்கு இந்த வயதில் இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியம் பிடித்ததற்குக் காரணமும் அதுதான். ஆனால் விசில் ஊத ஆள் இல்லாத ஊரில் ஏழு மணியை யார் ஊதுவது?

இத்தனைக்கும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் எல்லாம் விநாடிக் கணக்கு. டைம் அவுட் 75 விநாடி. இடைவேளை 7 நிமிடம். புல்தரை ஆட்டத்தில் டிஸ்க் கைக்கு வந்தால் 10 விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். எதிரணிக்காரர் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, ‘ஸ்டாலிங், ஒண்ணு, ரெண்டு’ என்று உரக்க எண்ணுவார். ‘பத்து’ என்று அவர் வாயைத் திறப்பதற்குள் டிஸ்க் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அவர் கொஞ்சம் வேகமாக எண்ணிவிட்டாலும் போச்சு, ‘ஃபாஸ்ட் கவுண்ட்’ என்று புகார் எழும். முக்கால் மணி நேரம் கழித்து வந்த ஒரு பெண்மணி, என்னுடைய விநாடிகள் கால் விநாடி குட்டையாக இருப்பதாக ஒருமுறை என்னிடம் சண்டைக்கு வந்தார்.

அதனால் போன ஞாயிறு நான் எல்லைக்கோட்டுக்கு வெளியேயே எண்ணத் தொடங்கினேன். எதிரணியின் முக்கிய ஆட்டக்காரர் பைக்கை நிறுத்தினார். ஸ்டாலிங், ஒண்ணு. ஹெல்மெட்டைக் கழற்றினார். ரெண்டு. கண்ணாடியைத் திருப்பித் தலைமுடியைச் சரிசெய்தார். மூணு, நாலு, அஞ்சு. முடி கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றாகக் கவனித்தார். மணலில் இறங்கியதும் ஓடி வருவார் என்று எதிர்பார்த்தேன். கடல் பக்கம் திரும்பி நின்று ஒரு செல்ஃபி எடுத்தார். பத்து முடிந்துவிட்டது. சட்டப்படி டிஸ்க் எங்களுக்கு வந்திருக்க வேண்டும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

வந்தவர் தன் அணியைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டார். பிறகு எங்கள் அணியைப் பார்த்தும். பிறகு பக்கத்து மைதானத்துக்கே நடந்துபோய் அங்கே காத்திருந்த இரண்டு அணிக்கும். “ட்ராஃபிக் ப்ரோ” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, அடையாறிலிருந்து. என்ன ட்ராஃபிக், ஆமை ஊர்வலமா? பையை வைக்க நிழல் தேடினார். கடற்கரையில் நிழலுக்கு எங்கே போவது? என் பையை நகர்த்தி அதன் நிழலில் தன் பையை வைத்தார். அடுத்தது வாழைப்பழம். உரித்து, நாரை ஒவ்வொன்றாக எடுத்து, சாப்பிட்டு, தோலைப் போடக் குப்பைத்தொட்டி தேடிச் சாலை வரைக்கும் போய்த் திரும்பினார். சுத்தத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்தது சன்ஸ்கிரீன். முகம், கழுத்து, காதுக்குப் பின்னால், முழங்கைக்கு அடியில், கால்விரல் இடுக்கில். முதுகுக்குக் கை எட்டாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தேன். அவருக்கு முதுகில் தடவிவிட வேண்டியவன் நானாகிவிடக் கூடாதே. முழங்காலுக்கு டேப் ஒட்டினார். கோணலாகிவிட்டது, பிய்த்தார், ரோமத்தோடு வந்தது, அதற்கு ஓர் ஓய்வு. தலைக்கு ஒரு பட்டை. மணிக்கட்டுக்கு ஒரு பட்டை. கடைசியில் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். எத்தனை அடி நடந்தோம், நெஞ்சு எத்தனை தடவை துடித்தது, ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினோம் என்றெல்லாம் சொல்கிற விலை உயர்ந்த கடிகாரம். அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்:

“என்ன அங்கிள், இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?”

இந்த இடத்தில் மருந்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். அதற்குள் அபராத விவகாரம் குறுக்கே வருகிறது.

எங்கள் போட்டி விதிப்படி, தாமதமாக வரும் அணி மீது ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோல். அவர்கள் நாற்பது நிமிடம் தாமதம், ஆக எட்டு கோல். 15 கோல் ஆட்டத்தில் ஓர் அணி எட்டைத் தொட்டால் இடைவேளை. அதாவது சட்டம் பேசினால் அவர்கள் பைக்கை நிறுத்தியபோது ஆட்டம் இடைவேளைக்கு வந்திருந்தது. நான் மணலில் விரலால் 8-0 என்று எழுதியும் வைத்திருந்தேன். எங்கள் கேப்டன் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். நல்ல பெண். அவள் அதைக் காலால் அழித்துவிட்டு, “பரவாயில்ல, சைபர்ல இருந்தே ஆடலாம்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டாள். என் முகத்தைப் பார்த்து, “ஸ்பிரிட் அங்கிள், ஸ்பிரிட்” என்று தோளில் தட்டினாள். ஆட்டத்தில் தோற்றோம். எத்தனை கோல் வித்தியாசத்தில் என்று கேட்காதீர்கள். எட்டுக்குக் குறைவு.

எட்டரைக்கு முடிய வேண்டிய அந்த ஆட்டம் ஒன்பதைத் தாண்டியது. அடுத்த ஆட்டம் பத்துக்கு, அதற்கடுத்தது பதினொன்றரைக்கு. கடற்கரையில் வெறுங்காலோடு ஆடுவதுதான் வழக்கம். பதினொன்றரை மணி மணலில் எங்கள் அணி அன்று ஓடிய ஓட்டத்தை ஆட்டத்திறன் என்று வெளியூர்க்காரர்கள் சிலர் நினைத்துப் பாராட்டினார்கள்.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் கலந்து, தோள் மேல் கை போட்டு வட்டமாக நின்று, ஒருவரைப் பற்றி ஒருவர் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வட்டத்தில் என் தோளில் விழுந்த கை யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? சன்ஸ்கிரீன் வாசனை. “இவ்ளோ பொறுமையா வெயிட் பண்ணதுக்கு தேங்க்ஸ்” என்று அவர்கள் கேப்டன் உருகினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், நடுவில் நிற்பவன் வேறு என்ன செய்வான்?

பிறகு எதிரணிக்கு மதிப்பெண் போட வேண்டும். சட்ட அறிவு, உடல் மோதலைத் தவிர்த்தது, நியாய புத்தி, நல்ல மனப்பான்மை, பேச்சு என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 2 போட்டால் வழக்கமான நல்ல நடத்தை என்று பொருள். நேரத்துக்கென்று தனித் தலைப்பு கிடையாது. சட்ட அறிவில் சைபர் போடு என்று நான் கேப்டனிடம் வாதாடினேன். நாலு போட்டாள். மனப்பான்மைக்கும் நாலு. “எவ்ளோ கூலா இருந்தாங்க, பாத்தீங்கல்ல?” என்றாள். நாற்பது நிமிடம் வெயிலில் நின்றவனைவிட, வாழைப்பழம் சாப்பிட்டு வந்தவன் கூலாகத்தான் இருப்பான். இதைச் சொன்னால் நமக்கு மனப்பான்மை சரியில்லை என்றாகிவிடும்.

சாயங்காலம் பரிசளிப்பு. கோப்பையைவிட ஸ்பிரிட் பரிசுக்குத்தான் இந்த ஆட்டத்தில் மதிப்பு அதிகம் என்பார்கள். அது அந்த அணிக்கே போயிற்று. பெயரை அறிவித்தார்கள், எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம், வாங்க ஆள் இல்லை. மறுபடி அறிவித்தார்கள். அணி மொத்தமும் தாம்பரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன் என்று நாலு மணிக்கே கிளம்பிப் போய்விட்டதாம். முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்று கேள்வி.