இந்திப் படத்தில் காதலித்துக் கரையேறுவது எப்படி?

முதலில் தொலைந்து போங்கள். சின்ன வயதிலேயே, உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து. ஆகஸ்ட் 15, காந்தி சிலையின் காலடி என்றால் உத்தமம். 1977இல் ‘அமர் அக்பர் ஆண்டனி’க்கு மன்மோகன் தேசாய் பார்த்துவைத்த முகூர்த்தம் அது. யார் கண்டெடுக்கிறாரோ அவர் மதம் உங்கள் மதம். போலீஸ்காரர் தூக்கினால் அமர், தையற்காரர் தூக்கினால் அக்பர், பாதிரியார் தூக்கினால் ஆண்டனி.

அடுத்து, ரத்தம் கொடுங்கள். மூவரும் வரிசையாகப் படுக்க வேண்டும். மூன்று குழாய்களில் ஏறும் ரத்தம் மேலே ஒரே புட்டியில் கலந்து, அங்கிருந்து அம்மாவின் கைக்கு இறங்கும். கீழிருக்கும் ரத்தம் எப்படி மேலே ஏறும் என்று மருத்துவம் பேசாதீர்கள். அம்மாவின் பெயர் பாரதி. ஏறும்.

ரத்தமே கலந்துவிட்டது, இனிக் காதலும் கலக்கும் என்று துள்ளுகிறீர்களா? புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். அமருக்கு லட்சுமி, அக்பருக்கு சல்மா, ஆண்டனிக்கு ஜென்னி. ஒருவரும் பந்தியில் இலை மாறி உட்காரவில்லை. மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் இது என் மண்டையில் உறைத்தது. கவ்வாலியும் ஈஸ்டர் முட்டையும் அவ்வளவு அமர்க்களம்.

இல்லை, மதம் தாண்டித்தான் காதலிப்பேன் என்று அடம்பிடித்தால், யார் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பையன் நம்மவன், பெண் அந்தப் பக்கம் என்றால் வண்டி ஓடும். ‘பாபி’யில் (1973) ஓடியது. நம் மணிரத்னத்தின் ‘பம்பாய்’ இந்தி பேசப் போனபோதும் சேகர், ஷைலா பானு என்று அதே கணக்குதான். செலவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ‘கதர்’ (2001) சன்னி தியோல் பாகிஸ்தானுக்கே போய் அடிகுழாயை வேரோடு பிடுங்கினார். அந்தப் புஜபலம் இல்லாதவர்கள் ‘வீர்-ஸாரா’ ஷாருக் கானைப் போல 22 வருடம் பாகிஸ்தான் சிறையில் வாயைத் திறக்காமல் இருக்கலாம்.

பையன் சர்ஃபராஸ், பெண் ஜக்கு என்று திருப்பிப் போட்டீர்களானால், சிக்கலை அவிழ்க்க வேற்றுக்கிரகத்திலிருந்து ஆள் வர வேண்டும். ‘பிகே’யில் (2014) வந்தார். உங்கள் தெருவுக்கும் வருவாரா என்று விசாரித்துக்கொண்டு இறங்குங்கள். சக்கரவர்த்திகளுக்கு விலக்கு உண்டு. ‘ஜோதா அக்பர்’ பார்க்க.

ஒரே மதம்தானே என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள். அப்பா இருக்கிறார். 1995இல் ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’யில் அவர் அம்ரீஷ் புரி. அவர் முழிக்கிற முழியில் ரயிலே நின்றுவிடும். பெண்ணின் அம்மாவே நகையைக் கையில் திணித்து, ஓடிப்போங்கள் என்று கெஞ்சினாலும் ஓடாதீர்கள்; ராஜ் ஓடவில்லை. கல்யாண வீட்டிலேயே தங்கி, மாமனாரோடு சேர்ந்து புறாவுக்கு இரை போடுங்கள். நடுவில் கர்வா சௌத் வரும். நம் காரடையான் நோன்புக்கு வடக்கத்திய அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள், அடை கிடையாது. நிச்சயித்த மாப்பிள்ளை கையால் தண்ணீர் குடிக்காமல் தப்பிக்க சிம்ரன் மயங்கி விழுகிறாள், ராஜ் தண்ணீரை நீட்டுகிறான். விரதமும் கெடவில்லை, காதலும் கெடவில்லை. எந்தப் பக்கம் சாய்வது என்று முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள்.

கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லை என்றாலும் பாதகமில்லை. ‘தீவார்’ (1975) விஜய் கோயில் படி ஏறாதவன். சட்டையில் மட்டும் 786 வில்லை. அது நழுவாதவரை உயிருக்கு உத்தரவாதம். அதே ஆண்டு ‘ஷோலே’யில் தர்மேந்திரா சிவன் சிலைக்குப் பின்னால் ஒளிந்து சாமி குரலில் பசந்திக்கு வரன் சொல்லி, கூட்டாளியே காட்டிக்கொடுக்க, கையும் களவுமாகப் பிடிபட்டார். கூட்டாளியை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

இத்தனைக்கும் தெம்பில்லையா, ஒரு நாய் வளருங்கள். ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ (1994) படத்தில் நிஷா பிரேமுக்கு எழுதிய கடிதத்தை டஃபி வாங்கியது, வீட்டுக் கிருஷ்ணரை ஒரு பார்வை பார்த்தது, நேராக அவளை மணக்கவிருந்த பிரேமின் அண்ணனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கல்யாணம் சரியான ஜோடிக்கு நடந்தது. டஃபி என்ன மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. குடும்பத்து நாய்தானே, ஒரே மதமாகத்தான் இருக்கும்.