ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்: கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு விண்ணப்பம்

விக்கிரமங்கலம்,
அரியலூர் மாவட்டம்.
டிசம்பர் 2025

மகாகனம் பொருந்திய அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் பொற்பாதங்களுக்கு,

(கால்பந்துக்காரர்களுக்கு எழுதும்போது பாதத்தில் தொடங்குவதுதான் மரியாதை.)

மார்கழியில் எங்கள் பக்கம் புளியமரங்களை ஏலம் விடுவார்கள். இந்த வருஷம் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். சாலையோரத்தில் பாதி பட்டுப்போன மரம் ஒன்று. காய் என்று சொல்லிக்கொள்ள ஒரு கிளையில்தான் இருந்தது. அதற்கும் மூன்று பேர் போட்டி போட்டார்கள். “ஒரு தரம்... ரெண்டு தரம்...” என்று கூவி முடிப்பதற்குள் விலை இரட்டிப்பாகிவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் நீல ஜெர்ஸியை மேலும் கீழும் பார்த்தார். “ஏந்தம்பி, உங்க பந்தாட்டத்தக்கூட ஏலம் உட்டாங்களாமே, பேப்பர்ல போட்ருந்தான். ஒருத்தனும் கேக்கலயாமே?” என்றார். கூட்டம் சிரித்தது. தங்கள் கௌரவத்தைக் காப்பாற்ற நான் வாயைத் திறந்தேன். சொல்ல ஒன்றும் அகப்படாமல் மூடிக்கொண்டேன். அந்தப் பதிலைத் தங்களிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

தாங்கள் குறை வைத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அக்டோபர் 16 அன்று முறைப்படி டெண்டர் அறிவித்தீர்கள். இந்தியன் சூப்பர் லீக், பதினைந்து வருஷக் குத்தகை. ஆண்டுக்கு 37.5 கோடி ரூபாய் அல்லது மொத்த வருமானத்தில் ஐந்து சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. கடைசி நாள் நவம்பர் 5. கூட்டம் அலைமோதப் போகிறதே என்ற கருணையில் அதை 7 வரை நீட்டினீர்கள். ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம். பட்ட மரத்துக்கு மூன்று பேர், 140 கோடிப் பேர் வாழும் தேசத்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்குக்கு ஒருவரும் இல்லை.

இதில் தங்கள் பிழை ஏதுமில்லை என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம். 2010 டிசம்பர் 8 அன்று ரிலையன்ஸ் தரப்போடு பதினைந்து வருஷ ஒப்பந்தம் போட்டீர்கள். ஆண்டுக்கு 50 கோடி வந்துகொண்டிருந்தது. அது 2025 டிசம்பர் 8 அன்று முடியும் என்பது கையெழுத்துப் போட்ட அன்றே தெரியும். பதினைந்து வருஷம் கழித்து அந்தத் தேதி திடுதிப்பென்று வாசலில் வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்? காலண்டர்தான் அவசரப்பட்டுவிட்டது.

எந்தப் பொருளை ஏலம் விட்டீர்கள் என்று தங்களுக்கே சந்தேகம் இருக்கலாம். டெண்டர் பத்திரத்தில் அது இருந்திருக்காது. அதனால் சொல்கிறேன்.

எங்களூரிலிருந்து பஸ் பிடித்து அரியலூர் ஸ்டேஷன். அங்கிருந்து பல்லவன் எழும்பூரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இறங்கினால் பெரியமேட்டுக்கு நடந்தே போய்விடலாம். தோல் கடைகளின் வாடை மூக்கில் ஏறும்போதே நேரு ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பம் கண்ணில் படும். அந்த இடத்தில் எல்லோருடைய நடையும் தானாக வேகமெடுக்கும். கூட வந்த மாமா செருப்பு அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் நடப்பார்.

2014 அக்டோபர் 21. தீபாவளிக்கு முதல் நாள். சென்னையில் இருப்பவன் எல்லாம் பையோடும் பட்டாசோடும் தெற்கே போக முண்டியடிக்கிறான். நாங்கள் மட்டும் எதிர்த்திசையில் காலி ரயிலில் வந்து இறங்குகிறோம். சென்னையின் எஃப்சி சொந்த மண்ணில் ஆடிய முதல் ஆட்டம், எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ். எலானோ பெனால்ட்டியில் ஒரு கோல் போட்டார். ஹ்யூம் சமன் செய்தார். பிறகு மென்டோசா கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தரத்தில் படுத்து ஒரு உதை விட்டார். அது வலைக்குள் போனதை நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். பார்க்காத அந்த கோலை இன்றுவரை நேரில் பார்த்ததாகத்தான் ஊரில் சொல்லி வருகிறேன். ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் அவரே என்று எல்லைக்கோட்டருகே நின்றவர் மாத்தராஸி. 2006 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் ஜிதானிடம் நெஞ்சில் முட்டு வாங்கியவர். டிவியில் பார்த்த அந்த நெஞ்சு பெரியமேட்டில் வந்து நின்றதை நம்புவதற்கே எங்களுக்கு ஒரு சீசன் ஆயிற்று.

ஸ்டேடியம் அப்படியொன்றும் சொகுசானது அல்ல. கேலரிக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஓட்டப்பந்தயத் தடம் கிடக்கும். பந்து யார் காலில் இருக்கிறது என்பது பாதி ஊகம்தான், மீதியை டிரம் சத்தம் சொல்லும். பி ஸ்டாண்ட் ப்ளூஸ் ரசிகர்கள் ஒரு பக்கம் பாட, சூப்பர் மச்சான்ஸ் ரசிகர்கள் இன்னொரு பக்கம் அதை விழுங்கப் பார்ப்பார்கள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று என் மாமாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் லைன்ஸ்மேன் கொடி தூக்கினால் முதலில் எழுந்து நின்று திட்டுவது அவர்தான்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். 20ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். தொண்ணூறாவது நிமிஷத்தை நெருங்கும்போது 2-1 என்று பின்தங்கியிருந்தோம், முடியும்போது 3-2 என்று சாம்பியன். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஊர் அந்த ராத்திரி விசில் அடித்தது. 2018 மார்ச் 13, மறுபடி அரையிறுதி, இந்தத் தடவை பெரியமேட்டில். பரீட்சை காலம். மறுநாள் பரீட்சை வைத்துக்கொண்டு புத்தகத்தை மடியில் விரித்தபடி வந்தவன் ஒருவன் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்தான். ஜெஜெ இரண்டு கோல், வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் ஒன்று. கோவா 3-0 என்று காலி. புத்தகம் எங்கே போயிற்று என்று அவனுக்கும் தெரியவில்லை. ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் அரியலூர் வரை யாரும் தூங்கவில்லை, தூங்க நினைத்த மற்ற பயணிகளையும் விடவில்லை. அவர்களிடம் இதன் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதுதான் சரக்கு. இதற்கு விலை வைக்கச் சொன்னால் நானே திணறுவேன், தாங்கள் 37.5 கோடி என்று துணிந்து வைத்தீர்கள். ஒரு தரம்.

சீமையிலும் பழைய ஸ்டேடியத்துக்காக அழுகிறார்கள். ஆர்சனல் 2006இல் ஹைபரியை விட்டுப் போனது, அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். எவர்டன் 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க்கில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம் இந்த மே 18 அன்று நடந்தது. தாத்தாவின் சாம்பலைத் தூவிய மைதானம் என்று கிழவர்கள் தேம்பினார்கள். எனக்கும் கண் கலங்கியது, பொறாமையில். அவர்கள் அழுது முடித்துவிட்டு ஆற்றோரத்தில் ஐம்பதாயிரம் பேர் உட்காரும் புது ஸ்டேடியத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஸ்டேடியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விளக்கு இருக்கிறது, புல் இருக்கிறது, கோல் கம்பம் இருக்கிறது. ஆட்டம்தான் இல்லை. இடிக்காமல், இடம் மாற்றாமல், ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல் ஒரு ஸ்டேடியத்தைப் பழைய ஸ்டேடியமாக்கும் வித்தை உலகத்தில் தங்களுக்கு மட்டும்தான் கைவந்திருக்கிறது. பிரியாவிடை ஆட்டம் என்ற செலவும் மிச்சம்.

அந்த மண் லேசுப்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று பெயர் இருந்த நாளில், 1956 ஜனவரியில், வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். 52 வருஷம் அதை யாராலும் தாண்ட முடியவில்லை. 1993 நேரு கோப்பைக் கால்பந்துக்காக அதே இடத்தில் 260 நாளில் புது ஸ்டேடியம் எழுப்பினார்கள். ஸ்டேடியம் கட்ட 260 நாள் போதுமாக இருந்தது. லீக்கை யார் நடத்துவது என்று முடிவெடுக்கத் தங்களுக்குப் பதினைந்து வருஷம் பற்றவில்லை. வேலையின் நுணுக்கம் அப்படி.

கோயமுத்தூரையும் மறக்கக் கூடாது. 2019 மார்ச் 9 அன்று அங்குள்ள நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் சாம்பியன் ஆனது. எங்கள் பக்கத்து நெய்வேலியில் பிறந்த எட்வின் அந்த அணியில் ஆடினார். நாட்டுக்கே சாம்பியனான அந்த கிளப் இன்று எந்த லீக்கிலும் இல்லை. இரண்டு தரம்.

ஏலத்துக்கே ஆள் வராது என்று தங்களைப் பற்றிச் சொல்பவர்கள் 2022 செப்டம்பர் 2ஐ மறந்துவிட்டார்கள். தலைவர் நாற்காலிக்குத் தேர்தல் நடந்தபோது இரண்டு பேர் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். கல்யாண் சௌபேக்கு 33 ஓட்டு, இந்தியாவுக்காக வாழ்நாள் முழுக்க ஆடிய பாய்ச்சுங் பூட்டியாவுக்கு ஒன்றே ஒன்று. நாற்காலிக்கு என்றால் மூன்றாவது தரம் கூவ வேண்டிய அவசியமே வருவதில்லை.

இந்த மாதம் 13ஆம் தேதி மெஸ்ஸி கொல்கத்தா வந்தார். ஆயிரக்கணக்கில் டிக்கெட் வாங்கியவர்கள் அவர் தலைமுடியைக்கூடப் பார்க்காமல் நாற்காலியைப் பிய்த்து எறிந்தார்கள். அது தனியார் நிகழ்ச்சி, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தாங்கள் உடனே அறிக்கை விட்டீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். அதே வேகத்தில் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறாததற்கும் சம்பந்தமில்லை என்று ஒன்று விட்டிருக்கலாம். அக்டோபர் 14 அன்று சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் 2-1, நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0. வங்கதேசத்திடம் தோற்று 22 வருஷம் ஆகியிருந்தது. 1996இல் 94ஆம் இடத்தில் இருந்த இந்தியா இப்போது 142.

லீக் நடக்குமா என்பதே தெரியாததால் ஆகஸ்ட்டில் பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் கிளப் தன் வேலைகளையே நிறுத்திவைத்தது. ஆடுகிறவனுக்குக் கால் இருப்பது பத்துப் பன்னிரண்டு வருஷம். அதில் ஒன்றைத் தின்றுவிட்டீர்கள். வியாசர்பாடியில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஓடுகிற பையனிடம் அடுத்த மாதம் சொல்கிறோம், நீதிமன்றம் சொல்லட்டும், கமிட்டி கூடட்டும் என்று யாராவது போய்ச் சொல்ல முடியுமா? அவன் அம்மாவிடம் சொல்ல முடியுமா? கோட்டு போட்ட ஒருவருக்காவது இந்த ஆறு மாதத்தில் சம்பளம் நின்றதா? கூசவில்லையா உங்களுக்கு?

மன்னிக்க வேண்டும். தாங்கள் என்று எழுத வேண்டிய இடத்தில் உங்களுக்கு என்று எழுதிவிட்டேன். பேனா வழுக்கிவிட்டது. தங்கள் சமூகத்தின் பொறுமைக்கு என் வணக்கம்.

எங்கள் அரியலூருக்கு ஒரு சங்கடமான சரித்திரம் உண்டு. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலம் உடைந்து ரயில் கவிழ்ந்தது, ஏராளமானோர் செத்தார்கள். பாலத்தைக் கட்டியவர் லால் பகதூர் சாஸ்திரி அல்ல, ரயிலை ஓட்டியவரும் அல்ல. ஆனால் ரயில்வே மந்திரி நான்தான் என்று ராஜினாமா செய்துவிட்டுப் போனார். விபத்து நடந்த எட்டாம் நாள், டிசம்பர் 1 அன்று, மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்து அரையிறுதிக்குப் போனது. நெவில் டிசூசா மூன்று கோல். ஆக, இந்தியக் கால்பந்து உயரத்தில் இருந்த காலமும் பொறுப்பில் இருந்தவர் பதவி விலகிய காலமும் ஒரே வாரத்தில் வந்துபோயின. இது தொற்றக்கூடிய வழக்கம் என்பதால், தங்கள் நிர்வாகிகள் யாரேனும் தெற்கே வர நேர்ந்தால் அரியலூர் வழியாகப் போகும் கார்டு லைன் ரயில்களைத் தவிர்த்து விமானத்தில் வந்துபோகுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று தரம்.

கடைசியாக ஒரு சிறு உதவி. சுருக்கியோ நறுக்கியோ, என்றைக்காவது ஒரு லீக் நடத்துவதாகத் தாங்கள் முடிவெடுத்தால் அட்டவணையை அறுபது நாள் முன்னதாக வெளியிட வேண்டும். ரயில்வே இப்போது அறுபது நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறது, மலைக்கோட்டையில் அரியலூருக்கு இறங்கும் பெர்த்துகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மாமாவுக்கு முழங்கால் வலி. லோயர் பெர்த் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் குத்தகை எதையும் கேட்க வசதியில்லாத,
விக்கிரமங்கலத்து ரசிகன்