பதிவுக் காப்பாளரும் பதினான்கு நாள் கணக்கும்: ஓர் ஆய்வு

இங்கிலாந்தில் கடை வளாகத்தில் வண்டியை நிறுத்தி, நேரம் கடந்து எடுத்தவருக்கு அபராதம் வரும் என்பது படித்தவர் பாமரர் எல்லோரும் நம்பும் கோட்பாடு. அதில் இரண்டு பிழைகள். முதலாவது, வருவது அபராதமே அல்ல. அபராதம் கவுன்சிலும் போலீசும் விதிப்பது. தனியார் பார்க்கிங் கம்பெனி அனுப்புவது, எழுத்து எவ்வளவு சிவப்பாக இருந்தாலும், ஒப்பந்தத்தை மீறியதற்கான பில். இரண்டாவது, அது வண்டியை நிறுத்தியவருக்கு வருவதில்லை. வாயில் கேமராவுக்கு நம்பர் பிளேட் தெரியும், ஓட்டியவர் யாரென்று தெரியாது. ஆகவே கம்பெனி, வாகனப் பதிவகமான டி.வி.எல்.ஏ.விடம் இரண்டரை பவுண்ட் கட்டி ஒரு பெயரை வாங்குகிறது. அந்தப் பெயருக்குரியவர்தான் ரெஜிஸ்டர்ட் கீப்பர், நம் ஆய்வு மொழியில் பதிவுக் காப்பாளர். அவர் வண்டியின் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை என்று பதிவுப் புத்தகமே சொல்கிறது. ஓட்டத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டியதில்லை. கடிதம் போட ஒரு வீட்டுக் கதவு இருந்தால் போதும்.

இப்படிப்பட்டவர் மீது அடுத்தவர் பாக்கி எப்படி ஏறுகிறது? கடிதம் வந்து சேர்ந்த நாளால் ஏறுகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம், தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடும் வழக்கத்தை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒழித்தது. பூட்டைப் பறிகொடுத்தவர்களுக்கு ஆறுதலாக, அதன் நான்காம் அட்டவணை, ஓட்டியவர் யாரென்று தெரியாதபோது காப்பாளரிடம் வசூலிக்க வழிவிட்டது. அந்த வழியில்தான் ஒரு பஞ்சாங்கம் ஒளிந்திருக்கிறது. கண்ணாடியில் சீட்டு எதுவும் ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பிய வழக்கில், வண்டி நின்ற நாளுக்கு மறுநாள் தொடங்கி பதினான்கு நாளுக்குள் அறிவிப்பு காப்பாளர் கைக்குச் சேர வேண்டும். தபாலில் போட்டால், இரண்டாம் வேலைநாளில் சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும், இல்லையென்பவர் நிரூபிக்கலாம். 3ஆம் தேதி திங்கட்கிழமை வண்டி நின்றது என்று வைத்துக்கொள்வோம். கெடு 17ஆம் தேதி, அதுவும் திங்கள். கம்பெனி 13ஆம் தேதி வியாழனன்று தபாலில் போட்டால் சரியாக 17இல் சேர்ந்துவிடும். ஒரே ஒரு நாள் தள்ளி வெள்ளியன்று போட்டால், நடுவில் சனி ஞாயிறு குறுக்கிட்டு, செவ்வாய் 18 ஆகிவிடும். பொறுப்பு காப்பாளர் மீது ஒட்டாது. வண்டி அதே வண்டி, கடந்த நேரமும் அதே நேரம். பஞ்சாங்கத்துக்குக் காலம் மட்டுமல்ல, தலமும் உண்டு: சொந்த உபவிதிகளால் ஆளப்படும் ரயில், விமான நிலைய நிலங்களில் இந்த அட்டவணைக்கு வேலையில்லை; ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டினாலும் இல்லை.

இங்கே எதிர்வாதிகள் எழுவார்கள். காப்பாளர்தானே பெரும்பாலும் ஓட்டுகிறார், அவரே ஓட்டினார் என்று வைத்துக்கொண்டால் என்ன என்பார்கள். அப்படி வைத்துக்கொள்ள முடியுமென்றால், நாடாளுமன்றம் உட்கார்ந்து இத்தனை நிபந்தனைகளோடு ஓர் அட்டவணை எழுதியிருக்க வேண்டியதே இல்லை. அட்டவணை இருப்பதே அந்த அனுமானத்துக்கு எதிரான சாட்சி. சரி, ஓட்டியவர் பெயரையாவது சொல்லட்டும் என்பார்கள். பெயரும் முகவரியும் கொடுத்தால் காப்பாளர் விடுபடுவார், உண்மை. ஆனால் அது அவருக்குத் திறந்திருக்கும் கதவு, கடமை அல்ல. போலீஸ் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். பார்க்கிங் கம்பெனி போலீஸ் அல்ல. எனவே தேர்ந்த மேல்முறையீட்டில் ‘நான் நிறுத்தினேன்’ வராது. ‘வண்டி நிறுத்தப்பட்டிருந்தது’ வரும். மௌனம் வேறு, பொய் வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓட்டிவிட்டு ஓட்டவில்லை என்று நீதிமன்றத்தில் கையெழுத்திடுபவருக்கு இந்த ஆய்வு உதவாது.

மிகக் கனமான எதிர்வாதம் பீவிஸ் வழக்கு. செல்ம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவச நிறுத்தத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்றதற்குக் கேட்ட 85 பவுண்ட் செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்று கம்பெனிகளின் கடிதங்கள் எழுதும். ஆனால் அவ்வழக்கில் வண்டியை ஓட்டியவர் பீவிஸேதான், அதில் மர்மமே இல்லை. தொகை நியாயமா என்பதே அங்கே கேள்வி. யாரிடம் கேட்பது என்பது எழவே இல்லை. 85 பவுண்ட் நியாயம் என்பதால் அதை அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்கலாம் என்றாகாது.

இதெல்லாம் ஏய்ப்பு என்று முகம் சுளிப்பவர்களுக்கும் பதில் உண்டு. ஒரு நிமிடம் தாமதித்த ஓட்டுநரிடம் கடிகாரத்தைக் காட்டும் கம்பெனி, ஒரு நாள் தாமதித்த கடிதத்துக்குக் காப்பாளர் காலண்டரைக் காட்டினால் மனம் புண்பட வேண்டியதில்லை. ஆனால் காலண்டரைக் காட்ட வேண்டும்; கடிதத்தை டிராயரில் போட்டுப் பூட்டுவது காட்டுவது ஆகாது, கவுண்ட்டி கோர்ட் சம்மன் வரை அது வளரும்.

ஒரே வண்டியைக் கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டி, அன்று யார் எடுத்தார் என்பது இருவருக்கும் மெய்யாகவே நினைவில்லாத நிலை தனி ஆய்வுக்குரியது. நான்காம் அட்டவணையில் மறதிக்குத் தண்டனை இல்லை. வீட்டில் உண்டா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே.