அரையளவு ரோபோ, முழு அளவுப் பூட்டு

2017 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு ரோபோ ஏலம் போனது. பெயர் ராபி. 1956-இல் வந்த 'ஃபார்பிடன் பிளானட்' படத்தில் நடித்தது. ஏறத்தாழ ஏழடி உயரம், கண்ணாடி மாதிரித் தலை, உருண்டை உருண்டையாகக் கால்கள். சொந்தமாக ஓரடி கூட எடுத்து வைக்கத் தெரியாது. படத்தில் அது நடந்ததெல்லாம் உள்ளே புகுந்திருந்த ஆளின் புண்ணியம். போனாம்ஸ் ஏல நிறுவனம் அதை 53 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 35 கோடி ரூபாய்.

திண்டுக்கல்லில் பீரோப் பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவரிடம் இந்தச் செய்தியைச் சொன்னபோது, அவர் விலையைக் கேட்டு அசரவில்லை. "எத்தனை கேஜ் தகடு?" என்றார்.

"தகடே இல்லண்ணே, பிளாஸ்டிக்."

பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டு வெல்டிங் வைக்கப் போய்விட்டார்.

செய்தி சொன்னவர் உள்ளூர் இயற்பியல் வாத்தியார். விற்கவோ வாங்கவோ வரவில்லை. சினிமா ரோபோ ஒன்றை அரையளவில் செய்து வீட்டு முன்னறையில் நிறுத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஊரே பூட்டும் பீரோவும் இரும்புப் பெட்டியுமாகப் பேர் வாங்கிய ஊர். தகடு வெட்டவும் வளைக்கவும் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இங்கே செய்யாமல் வேறெங்கே செய்வது என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான்.

எந்த ரோபோ என்பதில்தான் சிக்கல் வந்தது. தமிழன் ரோபோ செய்தால் சிட்டியைத்தானே செய்ய வேண்டும்? 2010-இல் ஷங்கரின் 'எந்திரன்' வந்தபோது, ஹாலிவுட்டில் ஸ்டான் வின்ஸ்டனின் வழிவந்த லெகஸி எஃபெக்ட்ஸ் நிறுவனம் வரை அதற்கு வேலை பார்த்தது. ஆனால் சிட்டிக்கு ஒரு பெரிய தொந்தரவு உண்டு: ரஜினி முகம். மற்ற நாட்டு ரோபோவைச் செய்தால் ஆணி சரியாக இருக்கிறதா, வண்ணம் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். சிட்டியைச் செய்தால் கையையும் காலையும் யாரும் பார்க்க மாட்டார்கள். "ரோபோ மாதிரி இருக்கு சார், தலைவர் மாதிரி இல்லையே" என்று ஒரே வரியில் கவிழ்த்துவிடுவார்கள். அதற்கு மெக்கானிக் போதாது, ஸ்தபதி வேண்டும். தவிர, சிறியதாகச் செய்யும் யோசனையிலும் ஷங்கரே முந்திக்கொண்டார். 2018-இல் வந்த '2.0'-வில் புறா மேல் ஏறி வரும் குட்டி 3.0-க்களை விடச் சின்னதாக வாத்தியாரால் செய்ய முடியாது.

அடுத்தது குட்டப்பா. 2019-இல் மலையாளத்தில் 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்' வந்து, 2022-இல் கே.எஸ். ரவிக்குமார் நடிக்கத் தமிழில் 'கூகுள் குட்டப்பா' ஆனது. மலையாளத்தில் அந்த ரோபோ உடைக்குள் நடித்தவர் சூரஜ் தேலக்காடு என்ற நகைச்சுவைக் கலைஞர். ரோபோ செய்வதென்றால் ஆளையும் சேர்த்தல்லவா செய்ய வேண்டும் என்று வாத்தியார் பின்வாங்கினார். எழுத்தாளர் சுஜாதாவின் கதையில் வரும் ரோபோ நாய் ஜீனோ மீதும் அவருக்குக் கண் இருந்தது. ஆனால் ஆளுக்கொரு ஜீனோ மனசில் ஓடுகிறது, எதை வைத்து அளவெடுப்பது?

கடைசியில் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஆர்2டி2 தேறியது. முகம் கிடையாது, மீசை கிடையாது, ரசிகர் மன்றம் திண்டுக்கல்லில் இல்லை. அளவும் வசதி. உயரம் 1.09 மீட்டர், உடம்பின் குறுக்களவு சுமார் 18 அங்குலம், அதாவது ஒரு முழம். பாதியாக்கினால் குறுக்களவு ஒரு சாண். டேப் இல்லாமலே பட்டறையில் கையால் அளந்துவிடலாம்.

இதற்குள்ளும் ஆள் இருந்தார் என்பது வேறு விஷயம். 3 அடி 8 அங்குல உயரமுள்ள கென்னி பேக்கர் உள்ளே உட்கார்ந்து ஆட்டினார். ரிமோட்டில் ஓடும் இன்னொரு ஆர்2டி2-வும் வைத்திருந்தார்கள். துனிசியப் பாலைவனப் படப்பிடிப்பில் அது சொன்ன பேச்சைக் கேட்டதே இல்லை.

சினிமாப் பொருள்களின் பிறப்பு ரகசியங்களைத் தோண்டினால் மனசு லேசாகும். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 1980-இல் வந்த அடுத்த பாகத்தில் ஐஜி-88 என்று ஒரு கொலைகார ரோபோ நிற்கும். அதன் தலை, ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் எரிகலன் பாகம். அதே வகைப் பாகம் முதல் படத்தில் மதுக்கடைக் காட்சியில் சரக்கு ஊற்றும் குழாயாக நின்றது. கதாநாயகன் கையிலிருந்த ஒளிவாள், ரோஜர் கிறிஸ்டியன் என்ற அரங்க அலங்காரக்காரர் லண்டனில் ஒரு கேமரா கடையில் பொறுக்கி எடுத்த கிராஃப்லெக்ஸ் பிளாஷ் கைப்பிடி. பிற்காலத்தில் ரசிகர்கள் வாள் செய்வதற்காகவே பழைய கைப்பிடிகளைத் தேடி வாங்கி விலையை ஏற்றிவிட்டார்கள். சினிமாவின் மூத்த ரோபோக்களில் ஒருத்தியான 'மெட்ரோபோலிஸ்' மரியா கூட (1927) இரும்பு இல்லை. வால்டர் ஷுல்ட்ஸ்-மிட்டென்டார்ஃப் என்ற சிற்பி, தச்சர்கள் ஓட்டை அடைக்கும் பட்டி மாதிரியான மரக்குழைமத்தில் செய்து வெள்ளிப் பூச்சு அடித்தார். அதை மாட்டிக்கொண்டு நடித்த பிரிகிட்டே ஹெல்முக்கு உடம்பெல்லாம் சிராய்ப்பு.

"பட்டியா?" என்று பீரோப் பெரியவர் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப விவரமான ஆளுதான்."

வேடிக்கை இங்கே இருக்கிறது. கையில் கிடைத்ததை வைத்து அவசரத்தில் ஒட்டிய பொருளை, பின்னால் வந்தவர்கள் மில்லிமீட்டர் பிசகாமல் நகலெடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் டேவ் எவரெட் 1999-இல் தொடங்கிய ஆர்2டி2 செய்வோர் குழு உலகம் முழுக்கப் பரவியது. மூலத்தில் கோணலாக இருந்தால் நகலிலும் அதே கோணல் இருக்க வேண்டும் என்று மல்லுக்கு நிற்கும் கூட்டம் அது. 2013-இல் ஜெர்மனியில் நடந்த ரசிகர் விழாவில் அவர்களது ரோபோக்களைத் தயாரிப்பாளர் கேத்லீன் கென்னடி பார்த்தார். 2015-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஆர்2டி2 செய்யும் வேலையை லீ டவர்சி, ஆலிவர் ஸ்டீப்பிள்ஸ் என்ற இரண்டு ரசிகர்களிடமே கொடுத்துவிட்டார். நகல் செய்தவர்களே அசலையும் செய்தார்கள். வாத்தியார் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறும். தனக்கும் அமெரிக்காவிலிருந்து போன் வரலாம் என்ற நினைப்பு அதில் இல்லாமல் இல்லை.

தலைக்குப் பாத்திரக்கடை. ஆர்2டி2-வின் மண்டை கிட்டத்தட்ட அரைக்கோளம். ஒரு சாண் அகலமென்றால் அரைச் சாண் ஆழம் வேண்டும். வடைச்சட்டி அகலம் சரியாக இருந்தும் ஆழம் காட்டாது; அதில் செய்தால் ரோபோவுக்குச் சப்பை மண்டை. வாத்தியார் ஒவ்வொரு சட்டியாகக் கவிழ்த்து ஸ்கேல் வைத்து அளக்க, கடைக்காரர் பொறுமையாக, "எத்தனை பேருக்கு சார் சமைக்கணும்?" என்றார். அரைக்கோளமாக ஒரு அலுமினியக் கிண்ணம் கிடைத்தது. எடை போட்டு விலை சொன்னார்கள். ரோபோ மூளைக்குக் கிலோ கணக்கில் விலை சொல்லும் ஊர் வேறு இருந்தால் காட்டுங்கள்.

உடம்புக்கு வந்தபோது இயற்பியலும் பட்டறையும் மோதின. எல்லா அளவும் பாதியானால் பரப்பு கால்வாசி, எடை எட்டில் ஒரு பங்கு. வாத்தியார் பலகையில் போட்டால் சரியாக வரும் கணக்கு. ஆனால் எடை எட்டில் ஒன்றாக வேண்டுமானால் தகட்டின் கனமும் பாதியாக வேண்டும். 20 கேஜ் தகடு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதி கனத்தில் வெல்டிங் வைத்தால் பற்றுவதற்கு முன்பே ஓட்டை விழும். ஆகவே தகடு அதே கனம், பரப்பு மட்டும் கால்வாசி. ரோபோ எட்டில் ஒரு பங்காக இளைக்காமல் நாலில் ஒரு பங்கிலேயே நின்றது. இருசக்கர வண்டியில் முன்னால் வைத்து எடுத்துப் போகலாம் என்ற திட்டம் ஷேர் ஆட்டோவாக மாறியது.

ஆர்2டி2-வின் மார்பில் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. படத்தில் அவற்றைத் திறந்துகொண்டு கைகளும் கருவிகளும் நீளும். வாத்தியார் கீல் மட்டும் போதும் என்றார். பெரியவர் கேட்கவில்லை. கதவென்று ஒன்று இருந்து பூட்டு இல்லையென்றால் பட்டறை பேர் என்னாவது? அலிகார் பூட்டு மலிவாக வந்து சந்தையை அள்ளிக்கொண்டு போன பிறகும், திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. லீவரைக் கையாலே அரம் போட்டுத் தேய்த்துச் செய்வதால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தாது. மாம்பழ வடிவத்தில் மாம்பழப் பூட்டு, சாவி திருப்பினால் மணி அடிக்கும் மணிப்பூட்டு என்று வம்சாவளியே உண்டு. இதையெல்லாம் பெரியவர் ஸ்பேனரை நீட்டியபடியே சொல்லி முடித்தார்.

"சரிண்ணே, பூட்டையும் பாதி அளவுல செஞ்சுருங்க. அளவு கெடக் கூடாது."

"பூட்டைப் பாதியாக்கிரலாம் வாத்தியாரே. சாவி பிடிக்கிற கையை யாரு பாதியாக்குறது?"

எனவே ஆர்2டி2 இப்போது வாத்தியார் வீட்டு முன்னறையில், மார்பில் முழு அளவு மாம்பழப் பூட்டோடு நிற்கிறது. மோட்டாருக்கென்று விட்டிருந்த இடத்தில் வீட்டார் ரேஷன் கார்டு, கேஸ் புக், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.