என்ரை ‘இஸ்கூலும்’ உன்ரை ‘வாரரும்’

சிரி மோனை, சிரி. நான் ‘இஸ்கூல்’ எண்டு சொல்லேக்கை நீயும் உன்ரை கூட்டாளிமாரும் மில்லிக்கன் கோ நிலையத்து வாங்கிலை இருந்து வயிறு நோகச் சிரிக்கலாம், கேஸ் ஒண்டும் போடமாட்டன். சிரிச்சு முடிய, உள்ளங்கையை வாய்க்கு முன்னாலை பிடிச்சு ‘பழம்’ எண்டு ஒருக்காச் சொல்லு. காத்து வந்து கையிலை அடிக்குதோ? எங்கடை பழத்திலை காத்தில்லை. உன்ரை பழம் கனடாவிலை பழுத்தது. இப்ப இங்கிலீசிலை ‘பின்’ சொல்லு, காத்து வரும். ‘ஸ்பின்’ சொல்லு, காத்து நிண்டுபோகும். முன்னாலை ஒரு ‘ஸ்’ வந்தால் மூச்சை அடக்கோணும் எண்டு ஆர் உனக்குப் படிப்பிச்சது? ஒருத்தரும் இல்லை.

என்ரை இஸ்கூலும் உந்தக் கதைதான். தமிழிலை தனி மெய் சொல்லுக்கு முன்னுக்கு வராது, உயிர் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டுதான் வரும். மொழிமரபிலை தொல்காப்பியர் எழுதிவைச்சிட்டார். நான் எங்கை தொல்காப்பியம் படிச்சனான், என்ரை நாக்குப் படிச்சிருக்கு. ஸ்பானியக்காரரும் முன்னுக்கு ஒரு ‘எ’ போட்டு ‘எஸ்குவேலா’வுக்குத்தான் போறவை. அவையைப் பார்த்து உனக்குச் சிரிப்பு வாறேல்லை.

ஊர்ப்பேருக்கு வருவம். தமிழ்நாட்டார் ‘டொராண்டோ’ எண்டு எழுதுகினம், நாங்கள் ‘ரொறன்ரோ’. கலியாணவீட்டுச் சாப்பாட்டு மேசையிலை இதுக்கே சண்டை நடக்கும். இங்கிலீசுக்காரன் அந்தப் பேரின்ரை முதல் எழுத்தைச் சொல்லேக்கை நாக்கு நுனி மேல்முரசிலை முட்டும். ‘ட’ எண்டால் நாக்கை மடிச்சு அண்ணத்திலை முட்டவேணும். யாழ்ப்பாணத்தான் ‘வெற்றி’ எண்டு வாசிக்கேக்கை ‘ற்ற’ முரசிலைதான் விழும். ஆனபடியால் சரக்கு எங்களிட்டை இருந்தது. சொல்லுக்கு முன்னுக்கு ‘ற’ வரக்கூடாதெண்டு பயபக்தியாய் ‘ர’வைக் கொண்டுவந்து இருத்தினம். தொல்காப்பியர் ‘ர’வையும் தடுத்தவர், ‘ட’வையும் தடுத்தவர். அதை மட்டும் மேசையிலை ஒருத்தரும் எடுக்கிறேல்லை. இந்த வழக்கத்தாலைதான் பசிபிக் மோல் நிக்கிற ‘ஸ்டீல்ஸ்’ ரோட்டு எங்கடை விளம்பரங்களிலை ‘ஸ்ரீல்ஸ்’ ஆச்சு. சென்னையிலை இருந்து வந்த ஒரு மனிசன் அதைப் பார்த்து, எந்தச் சாமியின்ரை கோயில் எண்டு கேட்டவராம்.

இனி உன்ரை வாய். நீ ‘வாட்டர்’ எண்டோ சொல்லுறாய்? ‘வாரர்’! ரெண்டு உயிருக்கு நடுவிலை அம்பிட்டு, பின்னாலை வாற உயிரும் மெலிஞ்சதாயிருந்தால் உங்கடை ‘ட்’ எங்கடை ‘ர’வாப் போகுது. நாங்கள் எழுதினதுக்குச் சிரிச்சனி, அதையே பேசிக்கொண்டு திரியிறாய். பிறந்த ஊர்ப்பேரைச் சொல்லேக்கை கடைசியிலை வாற ‘ட்’டை அப்பிடியே விழுங்கிறாய். பசியோ?

உதிலும் பெரிய வேடிக்கை ஒண்டு கிடக்கு. எழுதிறவன் ‘ரைட்டர்’, சவாரி போறவன் ‘ரைடர்’. உன்ரை வாயிலை ரெண்டுக்கும் நடு மெய் ஒண்டுதான், அதே ‘ர’. எண்டாலும் நீ குழம்பிறேல்லை. ஏனெண்டால் ‘ட்’ மாதிரி வல்லோசை பின்னாலை வருகுதெண்டால் உன்ரை ‘ஐ’ கொஞ்சம் மேலை எழும்பித் துவங்கும். ‘ட்’ பிறகு ‘ர’வாக மாறினாலும் எழும்பின ‘ஐ’ இறங்காது. முதல் எழும்பவேணும், பிறகுதான் மாறவேணும். குளிச்சிட்டுத் திருநீறு பூசுற ஒழுங்கு மாதிரி. மாத்திச் செய்தால் நெத்தியிலை என்ன மிஞ்சும்? மார்ட்டின் ஜோஸ் எண்டவர் இந்தச் சிக்கலை 1942லையே எழுதிப்போட்டார். 1973லை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து ஜாக் சேம்பர்ஸ் ‘கனேடியன் ரெய்சிங்’ எண்டு அதுக்குப் பேரும் வைச்சார்.

‘அபவுட்’டிலையும் அதே எழுச்சிதான். அமெரிக்கன் அதைக் கேட்டு, ‘அபூட்’ எண்டு உன்னை நக்கலடிக்கிறான், தெரியுமோ? அவன் சிரிக்கேக்கை நீ கோவிக்காமல் சேம்பர்ஸின்ரை பேரைச் சொல்லு. நீ சிரிக்கேக்கை நான் தொல்காப்பியரைக் கூப்பிடுறன்.

என்ன சொன்னனி? இவ்வளவு நேரமும் நான் ‘தமிள்’, ‘தமிள்’ எண்டோ சொன்னனான்? உது… உதுக்கும் ஒரு விதி இருக்கு மோனை. பிறகு சொல்லுறன், என்ரை பஸ் வருகுது.