ஐம்பத்து மூவர்

ஆகஸ்ட் மாதத்தில் கிரீன் பே ஊருக்குப் போனால் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பேக்கர்ஸ் அணி பயிற்சி செய்யும் ரே நிட்ஷ்கி மைதானத்தில், குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ் பந்து எறியும் பக்கம் கூட்டம் மொத்தமும் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்மூலையில் ஒருவர் மட்டும் பைனாகுலரோடு தனியாக நிற்பார். அவர் பார்க்கிற இடத்தில் வேடிக்கை ஒன்றும் இல்லை. பன்ட் உதைக்கு வரிசை கட்டிப் பழகுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வரிசையின் இடது கோடியில் நிற்கும் பையன் நேற்று வரை மூன்றாம் செட்டில் இருந்தவன். இன்று முதல் செட்டில் நிற்கிறான். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுக்கிறார், ஒரு பெயரை அடிக்கிறார், இன்னொரு பெயரை எழுதுகிறார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்து உள்ளே வைக்கிறார்.

இவர்தான் ரோஸ்டர் கணிப்பாளர். அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் போட்டியில் 32 அணிகள். முகாமுக்கு ஓர் அணி 90 பேர் வரை அழைத்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிரீன் பே நேரப்படி பிற்பகல் 3 மணிக்குள், அதை 53 ஆக்கியாக வேண்டும். காயப்பட்டோர் பட்டியலுக்குப் போகிற சிலரைத் தவிர, மற்றவர்களுக்கு அன்றே சீட்டுக் கிழியும். யார் அந்த 53 பேர் என்று முன்கூட்டியே சொல்வதுதான் இவர் வேலை. சம்பளம் கிடையாது, பரிசு கிடையாது, பெரும்பாலும் கேட்பாரும் கிடையாது.

உங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டுவிடாதீர்கள். இவர் பங்குதாரர். பேக்கர்ஸ் அணிக்கு முதலாளி என்று ஒரு கோடீஸ்வரர் இல்லை. 5 லட்சத்துக்கும் அதிகமான சாதாரண ஜனங்கள் பங்கு வைத்திருக்கிறார்கள். 2021-இல் ஒரு பங்கு 300 டாலருக்கு விற்றார்கள். லாபத்தில் பங்கு வராது, நல்ல விலை வந்தால் விற்கவும் முடியாது. பத்திரத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டலாம், இவர் மாட்டியிருக்கிறார். அதனால் பொது மேலாளர் பிரையன் குட்டெகுன்ஸ்ட்டைப் பற்றிப் பேசும்போது, தன்னிடம் வேலை பார்ப்பவரைப் பற்றிப் பேசுகிற ஒரு நிதானம் இவர் குரலில் வந்துவிடும்.

கணக்கு போடும் இடம் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் கடை. கிரீன் பே இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் அது பெரிய சம்பிரதாயம்: பியர் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்த மீன், கோஸ் சாலட், ரை ரொட்டி. தட்டுக்கு அடியில் போடும் காகித விரிப்பைப் புரட்டிப்போட்டு எழுத ஆரம்பிப்பார். குவார்ட்டர்பேக் இரண்டு. ரன்னிங் பேக் மூன்று. ரிசீவர் ஆறு. டைட் எண்ட் நான்கு. முன்வரிசைத் தடியர்கள் ஒன்பது. அந்தப் பக்கம் தடுப்பாட்டக்காரர்கள் இருபத்தெட்டு. கிக்கர், பன்ட்டர், லாங் ஸ்னாப்பர் ஆளுக்கொரு இடம். கூட்டிப் பார்த்தால் 55. போன வருஷமும் 55-தான் வந்தது. எத்தனை தரம் கூட்டினாலும் இரண்டு பேர் அதிகமாகவே நிற்பார்கள். அந்த இரண்டு பேரும் நல்ல பையன்கள்.

இங்கிருந்துதான் துன்பம் தொடங்குகிறது. ஆறாவது ரிசீவரா, நாலாவது டைட் எண்டா? மீன் ஆறுகிறது. எதிரே மனைவி சாலட்டைக் கிளறிக்கொண்டே, "மூணு குவார்ட்டர்பேக் வேணாமா?" என்று எதார்த்தமாகக் கேட்டுவைக்கிறார். வந்தது வினை. மூன்று என்றால் 56.

இந்தச் சாதிக்கென்று ஒரு பாஷை உண்டு. இடம் உறுதியானவன் 'லாக்'. ஊசலாடுகிறவன் 'பபிள்'. லாக் ஆட்டக்காரர்களிடம் இவருக்குத் துளியும் ஆர்வம் கிடையாது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற நட்சத்திரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஊரே மூச்சை நிறுத்தும்; இவர், "அப்ப ஒரு இடம் காலியாகுமோ?" என்று யோசிப்பார். கல் நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம். இவர் பாசமெல்லாம் 50-ஆவது இடத்துக்குக் கீழேதான். புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் ஏழு சுற்றிலும் எந்த அணியும் சீந்தாத ஒரு பையனை வருஷத்துக்கு ஒருவனாக ஜூன் மாதமே தத்து எடுத்துவிடுவார். முகாமில் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு ஓட்டிப்போவது கிரீன் பேயின் பழைய வழக்கம். தன் பையன் ஒரு சின்னப் பெண்ணின் ரோஜா நிறச் சைக்கிளில் முழங்கால் தாடையில் இடிக்க மிதித்துப் போவதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, எவ்வளவு பேலன்ஸ்!" என்பார்.

முன்பருவ ஆட்டங்கள் மூன்று. கடைசி ஆட்டத்தின் நாலாவது பகுதியில் நட்சத்திரங்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு அரட்டை அடிப்பார்கள், ரசிகர்கள் கார் நிறுத்தத்தில் இருப்பார்கள், தொலைக்காட்சி வர்ணனையாளர்கூட வேறு கதை பேசுவார். இவருக்கு அதுதான் இறுதிப் போட்டி. பந்து எங்கே போகிறது என்று பார்க்கவே மாட்டார். கிக்காஃபில் யார் முதலில் ஓடிப் போய்ச் சேர்கிறான் என்றுதான் கண். கடைசி ரிசீவர் பந்து பிடிப்பதால் அணியில் நிலைப்பதில்லை, எதிராளியை மடக்கிப் போடுவதால்தான் நிலைக்கிறான் என்பது இவர் கொள்கை. இதில் இவர் சொல்வது முழுக்கச் சரி என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

பயமும் ஒன்று உண்டு. நாலு பருவம் முடிக்காதவனை விடுவித்தால் அவன் 'வெயிவர்ஸ்' வழியாகப் போவான். மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் உரிமை கோரி எடுத்துக்கொள்ளலாம். "இவனை வெளியே விட்டா சிகாகோக்காரன் அடுத்த நிமிஷம் தூக்கிடுவான்" என்பது ஆகஸ்ட் முழுக்க இவர் சொல்லும் மந்திரம். நாடு முழுக்க ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேர் வெளியே வருகிறார்கள், அவர்களில் மிகச் சிலரைத்தான் மற்ற அணிகள் எடுக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். சிகாகோக்காரனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்று பதில் வரும்.

2024-ஐ இவரிடம் நினைவுபடுத்தாமல் இருப்பது நல்லது. அந்த ஆகஸ்டில் ஊரையே இரண்டாகப் பிளந்த கேள்விகள் இரண்டு. கிக்கர் யார், ஆண்டர்ஸ் கார்ல்சனா கிரெக் ஜோசஃபா? இரண்டாவது குவார்ட்டர்பேக் யார், ஷான் கிளிஃபர்டா மைக்கேல் பிராட்டா? இவர் ஒவ்வொரு உதையையும் தூரம், கோணம், காற்று சகிதம் குறித்து வைத்திருந்தார். பட்டியல் வெளியாக ஒரு நாள் இருக்கும்போது டென்னசி அணியிலிருந்து மாலிக் வில்லிஸை வாங்கி வந்தார்கள். கிளிஃபர்டும் போனார், பிராட்டும் போனார். கார்ல்சனும் போனார், ஜோசஃபும் போனார். அதே டென்னசி கழித்துக் கட்டிய பிரேடன் நார்வேசன் என்பவரை எடுத்து வந்து கிக்கர் ஆக்கினார்கள். ஒரு மாத ஆராய்ச்சியில் இவர் விட்டுவைத்தது டென்னசி ஒன்றைத்தான்.

தோற்றார் என்கிறீர்களா? புதன்கிழமை மாலை மதிப்பெண் போடுவார். 53-இல் 48 சரி. அதில் நாற்பத்தைந்தை அவர் வீட்டு நாய்கூடச் சொல்லியிருக்கும் என்பது வேறு விஷயம். பயிற்சிக் குழுவுக்குத் திரும்பி வந்தவர்களுக்கு அரை மதிப்பெண். அறுபத்து மூவருக்கு வெளியே தொகையடியார் என்று ஒரு கூட்டம் உண்டே, அப்படி இந்த 53-க்கு வெளியே 16, 17 பேரை வாரக்கூலிபோல வைத்துக்கொள்வார்கள். அதுதான் பயிற்சிக் குழு. அனுபவசாலி ஒருவரைச் செவ்வாயன்று விடுவித்து, காயப்பட்டவனைப் பட்டியல் மாற்றிவிட்டு, புதனன்று திரும்ப எடுத்தார்கள் என்றால் அது முழு மதிப்பெண். நார்வேசன் அக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது கிக்கர் இடத்துக்கும் பின்தேதியிட்டு அரை மதிப்பெண் போட்டுக்கொண்டார்: "நான் எழுதலையே அந்தப் பேரை!"

கட்டாயம் சொல்லிக்காட்டுகிற புராணம் ஒன்று உண்டு. 1994-இல் கர்ட் வார்னர் என்ற இளைஞர் இதே பேக்கர்ஸ் முகாமுக்கு வந்தார். குவார்ட்டர்பேக் வரிசையில் அவருக்கு முன்னால் பிரெட் ஃபார்வ், மார்க் புரூனல், டை டெட்மர். வார்னரைக் கழித்துவிட்டார்கள். அயோவாவுக்குப் போய் ஹை-வீ பலசரக்கு அங்காடியில் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். பிறகு செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்காக சூப்பர் பவுலை வென்று, அந்த ஆட்டத்தின் நாயகனாகி, 2017-இல் புகழ் மண்டபத்திலும் ஏறினார். ஒவ்வொரு ஆகஸ்டும் தன் பையனுக்கு ஆதரவாக இந்தக் கதையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார். 1994-இல் காகிதமும் பென்சிலுமாக இவரே உட்கார்ந்திருந்தாலும் வார்னர் பெயரை எழுதியிருக்க மாட்டார், எழுதாததற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார் என்பதை நான் வாய் திறந்து சொன்னதில்லை.

கழிப்பவர்களுக்கு உள்ள சங்கடம் ஒன்று இவருக்குக் கிடையாது. அணியில் 'டர்க்' என்று ஆட்டக்காரர்கள் பட்டப்பெயர் வைத்திருக்கும் ஓர் ஊழியர் வந்து தோளைத் தட்டுவார்: "கோச் பார்க்கணுமாம், பிளேபுக்கை எடுத்துட்டு வா." அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். இவர் பென்சிலோடு நிறுத்திக்கொள்கிறார். அதிலும் தத்துப் பிள்ளையின் பெயரை மட்டும் அழிக்க மனம் வராமல், ஓரத்தில் அம்புக்குறி போட்டுக் கீழே இறக்கி வைப்பார்.

இவர் வீட்டு அலமாரியில் ஆட்டச் சட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. முகாமில் 90 பேர் இருக்கும்போது ஒரே எண்ணை இரண்டு பேர் போட்டிருப்பதும் உண்டு. அணி சுருங்கியதும் எண்கள் கைமாறும். கடையில் சொல்லிப் பெயர் அச்சடித்து இவர் வாங்கிய சட்டைகளில் பாதி, ஒரு நிஜ ஆட்டத்தில்கூட இறங்காதவர்களுடையவை. அந்த எண்ணில் இப்போது வேறு யாரோ விளையாடுகிறார். டிசம்பர் குளிரில், நாலு அடுக்கு உடைக்கு மேல் அதிலொன்றை மாட்டிக்கொண்டு பேக்கர்ஸின் சொந்த மைதானமான லாம்போ அரங்கத்துக்குப் போய் உட்காருவார். பக்கத்து இருக்கைக்காரர் முதுகில் உள்ள பெயரைப் படித்துவிட்டு, "யாருங்க இது?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். பாவம், அவருக்கு அன்று ஆட்டம் பார்த்த மாதிரிதான்.