எச்சிலில் தேடிய எள்ளுத்தாத்தா

டேய் பேராண்டி, குப்பியில எச்சியத் துப்பி கூரியர்ல அனுப்பி, உன் அப்பன் வழிக் கிளை "ஆர்1ஏ1"னு ஒரு டி.என்.ஏ. காகிதம் வாங்கின நாள்லேர்ந்து உன் நடையே மாறிப்போச்சு. நம்ம முப்பாட்டன் மத்திய ஆசியப் புல்வெளியில குதிரை ஓட்டினவன்னு சிப்காட் டீக்கடையில சொல்லிட்டுத் திரியறியாமே? எருது விடற விழாவுல மாட்டுக்குப் பயந்து திண்ணை மேல ஏறி நின்னவங்களத்தான் நம்ம வம்சத்துல நான் பாத்திருக்கேன். குதிரை எனக்குப் புதுசு.

விலங்கியல் படிக்கற உன் தங்கச்சிதான் எனக்கு விளங்கற மாதிரி சொன்னா. ஒய் குரோமோசோம் அப்பன்கிட்டேர்ந்து மகனுக்கு மட்டும் போகும். ஓரத்துல கொஞ்சம் தவிர மத்ததெல்லாம் அப்படியே நகல். ஓசூர்ல மனை வாங்கி விக்கற உனக்குப் பத்திர பாஷையிலயே சொல்றேன். நகல் எழுதறவர் எப்பவாச்சும் ஒரு எழுத்த விட்டுடுவார். அதப் பாத்து எடுக்கற அத்தனை நகல்லயும் அந்த எழுத்து இருக்காது. ஒரே பிழை எதுலெல்லாம் இருக்கோ, அதெல்லாம் ஒரே மூலப்பத்திரத்து வழி. உன் ஆர்1ஏ1-க்கு எம்17-ன்னு ஒரு குறி. "ஜி"ங்கற எழுத்து வரிசையா நாலு இருக்க வேண்டிய இடத்துல மூணுதான் இருக்குமாம். ஆக, விட்டுப்போன ஒத்த எழுத்துக்குத்தான் இந்த மீசை முறுக்கலா?

அந்தக் குறை போலந்துக்காரன்கிட்டயும் இருக்கு, உக்ரைன்காரன்கிட்டயும் இருக்கு. நல்லமலைக் காட்டுல தேனெடுத்துப் பொழைக்கற செஞ்சு பழங்குடிக்காரங்கள்ல நாலுல ஒருத்தருக்கு இருக்குன்னு 2003-லயே ஆராய்ச்சி வந்தாச்சு. அவங்க உன்னைப் பங்காளின்னு கூப்பிட்டா போய் உக்காருவியா, இல்ல காகிதத்தத் திருப்பி அனுப்புவியா?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்த பிச்சப்பன் குழு நம்ம தமிழ்நாட்டுலயே இந்தக் குறி தேடற வேலையப் பண்ணியிருக்கு. ஆப்பிரிக்காவ விட்டுக் கிளம்பின பழைய கூட்டத்தோட எம்130 குறிய மதுரைப் பக்கத்துக் கிராமத்து ஆள்கிட்ட கண்டுபிடிச்சவரும் அவர்தான். அந்தக் குறி ஆஸ்திரேலிய ஆதிகுடிகள்கிட்டயும் உண்டு. அதக் காட்டி எவனும் சிட்னியில மனை கேக்கல. நீயா இருந்தா கேட்டிருப்ப.

2012-ல பிச்சப்பன் குழு ஒரு கட்டுரை போட்டுச்சு. 12 பழங்குடி, 19 மத்த சமூகம், மொத்தம் 1,680 ஆம்பளைங்க. நூத்துக்கு 81 பேர் ஆறே கிளைக்குள்ள அடங்கிட்டாங்க, அந்த ஆறுல உன் ஆர்1ஏ1-ம் ஒண்ணு. எல்லாரும் ஒண்ணுன்னு அந்தக் கட்டுரை சொல்லல, அதையும் மறைக்கக் கூடாது. கூட்டத்துக்குக் கூட்டம் வித்தியாசம் இருக்கு. ஆனா அது அவனவன் பொழைச்ச பொழைப்ப ஒட்டி, 4,000 - 6,000 வருஷத்துக்கு முன்னாடி விழுந்த பிரிவாம். அதாவது சாதி, வர்ணம்னு பேர் வைக்கறதுக்கு முன்னாடியே. அப்புறம் கடைசி 3,000 வருஷமா ஒருத்தரோட ஒருத்தர் அதிகம் கலக்கல. கதவச் சாத்தினது நாமதான், குரோமோசோம் இல்ல.

கணக்குல நீ கெட்டிக்காரன், இதையும் போட்டுப் பாரு. பத்துத் தலைமுறை மேல ஏறினா 1,024 மூதாதை இடம் வரும். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டற ஊரு நம்முளுது, அதனால ஒரே கிழவன் ரெண்டு மூணு இடத்துல உக்காந்திருப்பான், அது போகட்டும். உன் ஒய் காட்டறது அந்த 1,024-ல ஒத்த ஆள. மத்த 1,023 இடமும் உன் காகிதத்துல இல்ல. அதுல எத்தனை பேர் வீட்டுல தெலுங்கும் சந்தையில கன்னடமும் பேசினாங்களோ! மாநில எல்லை, அத்திப்பள்ளி செக்போஸ்ட்டெல்லாம் நேத்து வந்தது, ஜனங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க இருக்காங்க. நம்ம பக்கத்து மயிலாடும்பாறையில தோண்டினப்போ கிடைச்ச இரும்பு கி.மு. 2172-ன்னு கணிச்சிருக்காங்க. அத உருக்கினவன் என்ன சாதின்னு இரும்புல எழுதியில்ல, நீ போய் எழுதிடாத.

இன்னொண்ணு, இதக் காதோட வச்சுக்க. பெரியப்பன் மகனையும் எச்சி அனுப்பச் சொல்லியிருக்கியாமே? வேண்டாம்டா. அவனுக்கு வேற எழுத்து வந்துச்சுன்னு வை, செத்துப்போன கிழவிங்க பேரெல்லாம் பஞ்சாயத்துக்கு வரும். தத்து எடுத்தது, தூக்கி வளத்தது, இன்னும் என்னென்னவோ, எல்லாத்தையும் நம்ம பெரியவங்க ஒரே இலையில சாப்பாடு போட்டு மூடி வச்சிருக்காங்க. நீ தோண்டாத.

இத்தனையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவகிட்ட அந்த ஒய் கிடையாது, அது தெரியுமா உனக்கு? அந்த ஒய் வழி தெரியணும்னா அவ உன்னோடதோ உங்கப்பனோடதோ, நம்ம வம்சத்து ஆம்பளை ஒருத்தன் எச்சிக்குத்தான் காத்திருக்கணும். அதனால வம்சம் உன்னோடதான்னு நெனச்சுக்காத. ஹரியானாவுல ராகிகடியில 4,500 வருஷம் பழைய புதைகுழியிலேர்ந்து ஒருத்தரோட டி.என்.ஏ.வ எடுத்து 2019-ல வெளியிட்டாங்க. சிந்துவெளி நகரத்து ஜனங்க எந்த வழின்னு தேடறவங்களுக்கு அந்த எலும்பு ஒரு பெரிய சாட்சி. அது ஒரு பொம்பளையோட எலும்பு.